டர்போ மேல் ஏன் பழி?

"வண்டி இழுக்கல" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் "டர்போ போச்சு சார்" என்ற பதில் வந்து விழுந்துவிடுகிறது. பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, தீர்ப்பு தயார். புதுச்சேரியில் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. கேட்டவர்கள் பலரும் அதை நம்பி, சேமிப்பைக் கரைத்து டர்போவை மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகும் வண்டி பழையபடியே மூச்சு வாங்கினால், "வந்த பீஸ் சரியில்ல சார், வேற சொல்லியிருக்கேன்" என்று அடுத்த கதை தொடங்குகிறது.

இந்தத் தீர்ப்பைத்தான் மறுக்க வருகிறேன். டர்போ போகவே போகாது என்று சொல்லவில்லை, போகும். ஆனால் இழுவை குறைந்த காரில் சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக நிறுத்தினால் அது நிற்க வேண்டிய இடம் கடைசி. முதல் ஆளாக அதன் கழுத்தைப் பிடிப்பதற்குப் பழுது பார்ப்பது என்று பெயரில்லை, அது உதிரிபாக வியாபாரம்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமும் அல்ல. தமிழ்நாட்டைவிடச் சாலை வரி குறைவு என்பதால் பிஒய்-01 பலகை மாட்டிய வேகமான வண்டிகள் ஊரின் அளவுக்குச் சம்பந்தமில்லாமல் அதிகம். 2017-இல் கேரளத்து நடிகர்கள் சிலரின் சொகுசு கார்ப் பதிவு வழக்கானபோது இது இந்தியா முழுக்கத் தெரிந்தது. அந்த வண்டிகளில் பல புதுச்சேரிச் சாலையைப் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை. இங்கேயே ஓடுகிறவையும் ஏராளம்: போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து வரும் ஐ20 என் லைன், ஒரகடத்தில் தயாராகும் ஒரு லிட்டர் டர்போ கைகர், பழைய ஜெர்மன் கூப்பேக்கள் சில. ஊரோ தட்டை. ஏற்றம் என்றால் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் ஈசிஆரில் காலாப்பட்டு தாண்டி ஒரு பேருந்தை முந்தப் போகும்போது, எதிரே லாரி வர, மிதித்த மிதிக்கு வண்டி அசையாமல் போகும்போதுதான் உயிர் தொண்டைக்கு வருகிறது. அந்தப் பயத்தோடு பட்டறைக்கு வருகிறவரிடம் எதையும் விற்றுவிடலாம்.

டர்போ தனியாக வேலை செய்யும் பொருள் அல்ல. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய பெட்ரோல் டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தொடும். அதற்கு முன்னால் ஏர் ஃபில்டர். டர்போவிலிருந்து, அழுத்தியதில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை ஓர் ஓஸ், இன்டர்கூலரிலிருந்து த்ராட்டில் வரை இன்னொரு ஓஸ், ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப். மிதியை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிட ஒரு டைவர்ட்டர் வால்வு. புகைப் பக்கம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், அதை அசைக்கும் ஆக்சுவேட்டர், அதற்கும் பின்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இவ்வளவுக்கும் கண்ணாகக் காற்றழுத்த சென்சார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பிக்கப் இல்லை.

இதில் எது முதலில் விடும்? டர்போவின் சக்கரங்கள் உலோகம். சரியான ஆயில் போய்க்கொண்டிருந்தால் எஞ்சினோடு சேர்ந்து வாழும். ஓஸ்களோ ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஒரு பக்கம் எஞ்சின் சூடு, இன்னொரு பக்கம் உப்புக்காற்று, உள்ளே நொடிக்கு நொடி ஏறி இறங்கும் அழுத்தம். கிளாம்ப் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், பிளாஸ்டிக் பைப்பின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழும். சில டைவர்ட்டர் வால்வுகளுக்குள் இருப்பது மெல்லிய ரப்பர்ச் சவ்வு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின்களில் அது கிழிவது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. பின்னாளில் நிறுவனமே பிஸ்டன் வடிவ வால்வுக்கு மாறியது. சவ்வு கிழிந்த வால்வோடு வரும் வண்டியில் டர்போ பழுதில்லாமல்தான் சுழன்றுகொண்டிருக்கும். அது தள்ளிய காற்று எஞ்சினுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் லாரி நிறுத்தம் பக்கம் போனால் இதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்தவர்களைப் பார்க்கலாம். கார்களுக்கு வருவதற்கு வெகு முன்பே டர்போ லாரிக்கு வந்துவிட்டது. லாரி மெக்கானிக் டர்போவைக் கண்டு மிரள்வதில்லை. அவர் கை முதலில் போவது ஓஸுக்கு. அப்படி லாரியில் கை பழகி, பிறகு தட்டாஞ்சாவடிப் பக்கம் கார் வேலைக்கு வந்த ஒருவர் ஒரு ஹாட்ச்பேக்கைப் பார்த்த விதத்தைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். வேறோர் இடத்தில் "டர்போ போச்சு" என்று எழுதிக் கொடுத்த வண்டி அது. அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. கீழே படுத்து, இன்டர்கூலரின் அடிமுனை ஓஸைச் சுற்றி விரலை ஓட்டினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு கருந்தூசி ஒட்டிக்கொண்டு வந்தது. "இங்கதான் மூச்சு விடுது பாருங்கண்ணே" என்று காட்டினார். கிளாம்பின் ஓரத்திலிருந்து விசிறி விரித்த மாதிரி ஒரு கறை. எஞ்சினின் பிரீத்தரிலிருந்து வரும் ஆயில் ஆவி கொஞ்சம் எப்போதும் இந்தக் காற்றில் கலந்திருக்கும். கசிகிற இடத்தில் அது வெளியே தெளித்து, தெருப்புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். கறையைப் பார்த்ததோடு விடாமல் உறுதி செய்தார். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்திய ஒரு சாதனம் கைவசம் வைத்திருந்தார். டர்போவுக்குக் காற்று நுழையும் வாயை அதால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து பதமாகக் காற்றை ஏற்றினார். டயருக்கு ஏற்றும் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. ஓஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், நுரை பொங்கியது. ஓஸை வளைத்தபோது இரண்டு விரல்கடை நீளத்துக்கு ரப்பர் வாய் பிளந்தது. சும்மா நிற்கும்போது அந்தப் பிளவு மூடியே இருக்கும். அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். பட்டறையில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர்களுக்கு அது ஒருநாளும் அகப்படாது.

இங்கே எதிர்த்தரப்பு ஸ்கேனரைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும். "நான் சொல்லல சார், மிஷினே சொல்லுது." மிஷின் என்ன சொல்கிறது? பி0299 என்ற கோடு. அதன் பொருள், கேட்ட அழுத்தம் வரவில்லை என்பது மட்டும். கம்ப்யூட்டர் ஓர் அளவைக் கேட்டது, சென்சார் அதைவிடக் குறைவாகக் காட்டியது, வித்தியாசம் நீடித்ததால் எஞ்சினைக் காப்பாற்ற, சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. காற்று எங்கே போனது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. சொல்ல அதற்குத் தெரியாது. ஓஸ் கிழிந்தாலும் அதே கோடு வரலாம், வேஸ்ட்கேட் மூடாமல் சிக்கிக்கொண்டாலும் வரலாம், சென்சார் பொய் சொன்னாலும் வரலாம். வாடிக்கையாளர் "இழுக்கல" என்று சொன்னதையே ஆங்கில எழுத்தும் எண்ணுமாகத் திருப்பிச் சொல்லும் தாளை ஆதாரம் என்று நீட்டுவது வேடிக்கை.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடு படிக்கிற வேலையைவிட எண்களைப் படிக்கிற வேலைக்கு அது உகந்தது. கடலோர ஊரில் நமக்கு ஒரு வசதி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பார்த்தால் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். புதுச்சேரியில் அது 100 அல்லது 101 கிலோபாஸ்கல். ஊட்டியில் பார்த்தால் 77-க்குப் பக்கம் காட்டும், அது மலை. கடற்கரைச் சாலையில் நிற்கும் வண்டி 90 காட்டினால் பொய் சொல்வது சென்சார், டர்போவை விட்டுவிடலாம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை. அடுத்து, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் ஒருசேரப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒட்டியே ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால், காற்று வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். டர்போவுக்கு அந்த இடத்திலேயே விடுதலை. தேட வேண்டியது பிளக், காயில், பெட்ரோல் பிரஷர். பிளக் தேய்ந்து இடைவெளி கூடிய வண்டி சும்மா நிற்கும்போது பூனைபோல இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் பொறி தாண்டாமல் தடுமாறும். பிளக் விலை எங்கே, டர்போ விலை எங்கே?

இரண்டாவது தரப்பு டர்போவையே ஊரை விட்டுத் துரத்தப் பார்க்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு டர்போ ஆகாது, சாதா எஞ்சின் வாங்கிப் போடு." இதில் அரை உண்மை இருக்கிறது. 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம்போலக் குறையும். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், நீராவி மட்டுமே காற்றில் கிட்டத்தட்ட 4 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஆக்ஸிஜன் குறைவு. ஆனால் இந்த இரண்டு கணக்கும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும், சாதா எஞ்சினுக்குக் கூடுதலாகவே. டர்போவாவது இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று ஈடுகட்டப் பார்க்கும். சாதா எஞ்சினுக்கு அந்த வழியும் இல்லை. டர்போ வண்டி உண்மையில் தடுமாறுவது இன்டர்கூலர் சூடேறும்போது. சனிக்கிழமை மாலை கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் கூட்டம் முழுக்க ஒயிட் டவுன் தெருக்களில் நெருக்கியடிக்கும். அதில் அரைமணி நேரம் ஊர்ந்த காருக்கு இன்டர்கூலரில் காற்றே படாது. சூடான காற்று உள்ளே போனால், பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்க கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளும், இழுவை குறையும். அஜந்தா சிக்னல் தாண்டிச் சாலை திறந்ததும் சற்று நேரத்தில் சரியாகிவிடும். தானாகச் சரியாவது பழுதாகாது. சரியாகாவிட்டால் இன்டர்கூலரின் முகத்தைப் பாருங்கள்.

அப்படிப் பார்க்க ஒரு காரணமும் வந்து போனது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்; கார்கள் எந்த மட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போன வண்டிகள் அப்போதே தெரிந்துவிட்டன. மூழ்காமல், பம்பர் அளவுத் தண்ணீரில் நகர்ந்து தப்பிய வண்டிகள்தான் பிறகு வந்தன: சென்சார் கனெக்டருக்குள் பச்சை பூத்து, இன்டர்கூலர் இதழ்களுக்குள் சேறு காய்ந்து, ஆக்சுவேட்டர் கம்பி துருவேறி. "மழைக்கு அப்புறம் டர்போ வீக் ஆயிடுச்சு" என்று அவற்றுக்கு எழுதிய சீட்டைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை.

மூன்றாவது தரப்பு காட்டும் குற்றவாளி இப்போதைய நாகரிகம்: எத்தனால். எது நடந்தாலும் ஈ20. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்தால் மைலேஜ் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்த கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அந்தக் கோபம் நியாயமானது. பங்க்கில் அதே விலையில் எத்தனால் குறைந்த பெட்ரோலைத் தேர்ந்தெடுக்க வழி விடாததும் கேள்விக்குரியதுதான். ஆனால் 3000 ஆர்பிஎம் தாண்டியதும் கயிறு கட்டி இழுத்ததுபோல் வண்டி நின்றுபோவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனாலின் ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிர்விக்கும். நாக்கிங்கைப் பொறுத்தவரை டர்போவுக்கு அது நண்பன். லிட்டருக்குச் சக்தி குறைவு என்பதால் இன்ஜெக்டர் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். பம்ப் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் முழு மிதியில் அது வெளிப்படும். அப்போது பார்க்க வேண்டியது பெட்ரோல் பிரஷர். இந்த வழியில் போனாலும் டர்போ வாசலுக்கு வந்து சேரவில்லை, கவனியுங்கள்.

ஈ20-ஐத் திட்டுபவரே அடுத்த மூச்சில் 95, 100 என்று விலையேறிய பெட்ரோலை மருந்தாகப் போடச் சொல்வார். பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் 95 என்று எழுதியிருக்கும் இறக்குமதி வண்டிக்கு 91 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இக்னிஷன் பின்வாங்கி இழுவை குறையும். அதற்கு நல்ல பெட்ரோல் மருந்துதான். கிழிந்த ஓஸுக்கு 100 ஆக்டேன் மருந்தாகாது.

பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாட்டைப் பழுது என்று நினைத்து டர்போவைக் கழற்றி வீசிய கதைக்கு வயது அறுபதுக்கு மேல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-இல்தான் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைத்திறன். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் எஞ்சினைக் காக்க ஒரு வால்வு டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். வாங்கியவர்களில் நிறையப் பேர் ஊற்ற மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று வந்து நின்றார்கள். டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்ப்புரேட்டர் மாட்டிக்கொடுப்பதில் கதை முடிந்தது. 1963-உடன் தயாரிப்பே நின்றது. கோளாறு இருந்தது தொட்டியில், தண்டனை பெற்றது டர்போ.

டர்போ உண்மையிலேயே போனால் எப்படித் தெரியும்? ஆயில் குடிக்கும், பின்னால் நீலப் புகை வரும், அழுத்தம் ஏறும்போது ஆம்புலன்ஸ் சங்குபோல ஓர் ஊளை கேட்கும். ஓஸைக் கழற்றித் தண்டை அசைத்தால், பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டுக்கு அது இயல்பு. அதைக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். முன்னும் பின்னும் ஆட்டம் கூடாது. இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தால் சந்தேகமில்லை. அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் போனது? ஆயில் பட்டினி, அழுக்கு ஆயில், உள்ளே நுழைந்த அந்நியப் பொருள் ஆகியவையே டர்போவைக் கொல்கின்றன என்று டர்போ தயாரிக்கும் நிறுவனங்களே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆயில் வரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருப்பதைப் பார்க்காமல் புது டர்போ மாட்டினால், புதியதையும் அதே பட்டினியில் சாகவிடுவதுதான் மிச்சம்.

இவ்வளவு எளிய சோதனைகள் இருக்க, ஏன் எல்லோரும் நேராக டர்போவுக்கே போகிறார்கள்? மெக்கானிக்கை மட்டும் திட்டினால் பாதி உண்மைதான் வெளியே வரும். சோப்புத் தண்ணீர் அடித்து, ஓட்டிப் பார்த்து, எண்களைப் படித்து ஒருவர் மூன்று மணி நேரம் செலவழித்து ஒரு கிளாம்பை மாற்றிக் கொடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு கிளாம்புக்கா இவ்வளவு?" அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் கொள்ளை என்கிறோம். அதே ஆள் பெட்டியோடு டர்போவைக் காட்டி ஒரு லட்சம் சொன்னால், பேரம் பேசியாவது கொடுத்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குக் காசு கொடுப்போம், யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். பட்டறைக்காரர் அந்தக் கணக்கைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார். பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கும் இதே கணக்குத்தான். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துச் சொல்வார்கள். கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம், அதில் என்னென்ன சோதனை என்று எழுத்தில், பிறகுதான் பாகம் என்ற ஏற்பாட்டுக்கு வாடிக்கையாளர்கள் சம்மதித்தாலே இந்த ஊரில் மாட்டும் டர்போக்களின் எண்ணிக்கை சரியும் என்று நினைக்கிறேன். சோதனைக்குக் கூலி கேட்கும் மெக்கானிக்கைக் கண்டால் ஓடாதீர்கள். சோதனை இலவசம் என்பவரிடம்தான் கவனம் வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் விளைவு பழைய கார்ச் சந்தையிலும் தெரிகிறது. "டர்போ புதுசு சார், மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல" என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், வாங்குபவர்களும் மகிழ்ந்து போகிறார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் கேட்கிறது. பழைய டர்போ ஏன் போனது, கசிவுச் சோதனை நடந்ததா, கழற்றிய பழைய பீஸ் எங்கே என்று கேளுங்கள். பில்லை வாங்கிப் பாருங்கள். அதில் புது ஆயில், ஃபில்டர், ஆயில் குழாய், கேஸ்கெட் எதுவும் இல்லாமல் டர்போவும் மாட்டுக்கூலியும் மட்டும் இருந்தால், விலையைக் குறைத்துப் பேச அந்த ஒரு தாள் போதும்.